‘போரும் வாழ்வும்’ முதல் தடவை படிக்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லியோ டால்ஸ்டாய் 1863 முதல் 1869 வரை எழுதிய நாவல். கதை 1805-இல் தொடங்கி 1820-இல் நிற்கிறது. ஐந்து குடும்பங்கள், நெப்போலியனோடு ரஷ்யா நடத்திய போர்கள், நடுவே பதினைந்து வருட வாழ்க்கை. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தயங்கி நிற்பவர்களும், நூறு பக்கத்தோடு நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. யார் சாகிறார்கள், யார் யாரை மணக்கிறார்கள் என்பதை எந்தப் பதிலிலும் சொல்லவில்லை. பயப்படாமல் படிக்கலாம்.

உண்மையில் எவ்வளவு பெரியது? முடிக்க எத்தனை நாள் ஆகும்?

நான்கு பாகங்கள், ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் பல பகுதிகள், கடைசியில் இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு முடிவுரை. மொத்தம் 361 அத்தியாயங்கள்: முதல் பாகத்தில் 65, இரண்டாவதில் 98, மூன்றாவதில் 96, நான்காவதில் 74, முடிவுரையில் 28. ஆங்கிலப் பதிப்புகள் பெரும்பாலும் 1,200 முதல் 1,400 பக்கம் வரை போகும்.

பக்க எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அத்தியாயங்களோ சின்னவை, சராசரியாக நான்கு பக்கம் கூட வராது. ஒன்றுக்குப் பத்து நிமிடம் போதும். நாளைக்கு மூன்று அத்தியாயம் என்றால் நான்கு மாதம், நான்கு என்றால் மூன்று மாதம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நடக்கக்கூடிய கணக்கு.

நாளைக்கு ஒரே அத்தியாயம் என்று வருடம் முழுக்கப் படிக்கிறவர்கள் உண்டு. மாட் தம்பதியரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அத்தியாயங்கள் 365 ஆகப் பிரிந்திருப்பது அதற்கு வசதி. முதல் வாசிப்புக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். தொடக்கத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். நாளைக்கு நான்கு பக்கம் படித்தால், திங்கட்கிழமை பார்த்தவரை வெள்ளிக்கிழமை மறந்திருப்பீர்கள். முதல் பாகத்தின் முதல் பகுதியில் 25 அத்தியாயங்கள். அதை மட்டும் ஐந்து நாளில் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வேகத்துக்குப் போகலாம்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

தமிழில் டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பு ‘போரும் வாழ்வும்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. தினமணியின் முதல் ஆசிரியர் அவர். பத்திரிகைக்காரரின் நேரான தமிழ் என்பதால் நீண்ட வாசிப்புக்குத் தாங்கும்.

ஆங்கிலத்தில் தேர்வு அதிகம். கான்ஸ்டன்ஸ் கார்னெட், லூயிஸ் மாட்–அய்ல்மர் மாட் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் பழையவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாட் மொழிபெயர்ப்பு இன்றைக்கும் தெளிவாக ஓடுகிறது. ஆனால் அதில் ஆந்திரேய் ‘ஆண்ட்ரூ’ ஆகவும், நிகலாய் ‘நிக்கலஸ்’ ஆகவும், மரியா ‘மேரி’ ஆகவும் மாறியிருப்பார்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது குழப்பும். 2005-இல் வந்த ஆன்டனி பிரிக்ஸ் மொழிபெயர்ப்பில் பிரெஞ்சு உரையாடல்களும் ஆங்கிலமாகியிருக்கும், தடையில்லாமல் போகலாம். 2007-இல் வந்த பெவியர்–வலகோன்ஸ்கி மொழிபெயர்ப்பு பிரெஞ்சை அப்படியே விட்டு, பக்கத்தின் அடியில் பொருள் தரும்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, சுருக்கப் பதிப்பு. அட்டையில் ‘சுருக்கம்’ என்ற சொல் எப்போதும் இருக்காது. கடைசிப் பக்கங்களைப் புரட்டி, முடிவுரை இரண்டு பகுதியாக, 16 அத்தியாயம், 12 அத்தியாயம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எதையோ வெட்டியிருக்கிறார்கள். இரண்டு, ‘அசல் வடிவம்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் விற்கும் ஒரு சிறிய பதிப்பு. அது டால்ஸ்டாய் ஒதுக்கிவிட்டு மேலே எழுதிப்போன ஆரம்ப வரைவு, முடிவே வேறு. நாவலை முடித்த பிறகு அதை ஆர்வத்துக்குப் படிக்கலாம், முன்னால் வேண்டாம்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அறிஞர்கள் எழுதும் முன்னுரைகள், நாவலை ஏற்கெனவே படித்தவர்களை நினைத்து எழுதப்படுகின்றன. யார் எப்போது சாகிறார் என்பது இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடும்.

பெயர்கள் தலை சுற்ற வைக்கின்றன. ஒரே ஆளுக்கு ஏன் நாலு பெயர்?

இந்த நாவலைக் கைவிடுகிற பெரும்பாலோர் பெயரில்தான் கைவிடுகிறார்கள். ஆனால் தமிழர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். ரஷ்யர்கள் அந்த அப்பா பெயரை முழுசாக நடுவில் வைக்கிறார்கள். ரஸ்தோவ் குடும்பத் தலைவர் இலியா. அவர் மகன் நிகலாய் இலீச், மகள் நதால்யா இலீனிச்னா. பல்கோன்ஸ்கி வீட்டுப் பெரியவர் நிகலாய். மகன் ஆந்திரேய் நிகலாயவிச், மகள் மரியா நிகலாயவ்னா. ‘விச்’, ‘இச்’ என்று முடிந்தால் மகன். ‘வ்னா’, ‘இச்னா’ என்று முடிந்தால் மகள். குடும்பப் பெயரும் பெண்களுக்கு மாறும்: ரஸ்தோவ் – ரஸ்தோவா, குராகின் – குராகினா, பல்கோன்ஸ்கி – பல்கோன்ஸ்கயா.

எதைச் சொல்லி அழைக்கிறார்கள் என்பதில் உறவு தெரியும். பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால் மரியாதை, நாம் ‘சார்’, ‘ஐயா’ சேர்ப்பது போல. செல்லப் பெயர் என்றால் வீட்டு ஆள். நதால்யா வீட்டில் நதாஷா, சோபியா சோன்யா, நிகலாய் அம்மாவுக்கு நிகோலென்கா. ரஸ்தோவ் வீட்டுக் கடைக்குட்டி பெத்யாவும், கதையின் மையமான பியேரும் உண்மையில் ஒரே பெயர்க்காரர்கள், இருவரும் பியோத்தர். ஒருவருக்குச் செல்லப் பெயர் நின்றுவிட்டது, இன்னொருவருக்குப் பிரெஞ்சுப் பெயர்.

ஒரு ஏ4 தாளை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். அதுவே பக்க அடையாளம், அதுவே பெயர்ப் பட்டியல். ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெசூகவ், குராகின், த்ருபெத்ஸ்கோய் என்று ஐந்து குடும்பங்களுக்கு இடம் பிரித்துக்கொள்ளுங்கள். நாவலில் 500-க்கு மேற்பட்டோர் வருகிறார்கள். தாளில் இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். முதல் தடவை வருகிறவரை எழுதாதீர்கள், இரண்டாம் தடவை வரும்போது எழுதுங்கள். ஒரு பக்கம் வந்து போகிற தளபதிகளும் பிரபுக்களும் தானாகவே கழிந்துவிடுவார்கள். புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும் குடும்ப மரத்தைப் பார்க்கவே வேண்டாம், சிலவற்றில் யார் யாரைக் கட்டிக்கொள்கிறார் என்பது வரை இருக்கும்.

தாளில் பெயருக்குப் பக்கத்தில் உடம்பு அடையாளம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டால்ஸ்டாய் ஆட்களைப் பெயரால் நினைவு வைக்கச் சொல்லவில்லை, பார்த்து நினைவு வைக்கச் சொல்கிறார். ஆந்திரேயின் மனைவி லீசாவுக்கு மேலுதடு கொஞ்சம் குட்டை, அதில் மெல்லிய பூனை முடி. அவள் வரும் இடமெல்லாம் அந்த உதடும் வருகிறது. மரியாவுக்கு அழகில்லாத முகம், கனத்த நடை, ஒளிவிடும் பெரிய கண்கள். குராகின் வீட்டு எலெனுக்குத் திறந்த தோள்களும் யாரைப் பார்த்தாலும் மாறாத ஒரே புன்னகையும். பியேருக்குப் பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. நெப்போலியனுக்குச் சின்ன வெள்ளைக் கைகள். பெரிய கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரிதான் இது. எல்லார் பெயரும் உறவுமுறையும் கேட்டுத் தெரிந்துகொண்டா பந்தியில் உட்காருகிறோம்? முகம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட, மாலைக்குள் யார் யாரென்று பிடிபட்டுவிடும்.

தமிழ் எழுத்தில் படித்தால் எல்லாப் பெயரும் ‘ப’வில் தொடங்குகிறதே?

ஆமாம், இது தமிழ் வாசகர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல். ஆங்கிலத்திலும் ரஷ்யனிலும் இரண்டு வேறு எழுத்தாக இருப்பவை நமக்கு ஒரே ‘ப’ ஆகிவிடுகின்றன. பியேர், பெசூகவ், பல்கோன்ஸ்கி, போரிஸ், பெத்யா, பிளாத்தோன், பக்ராத்தியோன் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கதையைத் தாங்குகிற இரண்டு ஆண்களின் குடும்பப் பெயர்களும் ‘ப’தான். அவர்களைக் குடும்பப் பெயரால் நினைக்காமல், பியேர், ஆந்திரேய் என்றே மனதில் வையுங்கள். முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

எழுத்துக்கூட்டலும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ‘ஓ’ ஒலி ‘அ’ போலக் கேட்கும். அதனால்தான் மாஸ்கோ வெளியீடுகளில் ‘தல்ஸ்தோய்’ என்று இருந்தது, மற்றவற்றில் ‘டால்ஸ்டாய்’ என்று இருக்கிறது. ரஸ்தோவ், ரோஸ்டோவ் இருவரும் ஒருவரே.

‘இளவரசர் ஆந்திரேய்’ என்றால் ஜாரின் மகனா?

இல்லை. ‘கினியாஸ்’ என்ற பட்டத்தை மொழிபெயர்க்கும்போது இளவரசர் என்று வந்துவிடுகிறது. அது பழைய பிரபுக் குடும்பங்களின் பரம்பரைப் பட்டம். அப்பா, மகன், மகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருக்கும், அரியணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரஸ்தோவ் வீட்டுக்கும் பியேரின் அப்பாவுக்கும் ‘கிராஃப்’ பட்டம், தமிழில் பிரபு அல்லது கோமகன் என்று வரும்.

ஒருவரின் சொத்தை ‘ஆன்மாக்கள்’ கணக்கில் சொன்னால், அது அவருக்குச் சொந்தமான ஆண் பண்ணையடிமைகளின் எண்ணிக்கை. பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-இல், டால்ஸ்டாய் இந்த நாவலைத் தொடங்க இரண்டு வருடத்துக்கு முன்புதான். தூரத்தை வெர்ஸ்ட் கணக்கில் சொன்னால், ஒரு வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

முதல் ஐம்பது பக்கம் ஒரே விருந்துப் பேச்சு. ஒன்றும் நடக்கவில்லையே?

1805 ஜூலை, பீட்டர்ஸ்பர்க், அன்னா பாவ்லவ்னா ஷெரெர் வீட்டு மாலைக் கூட்டம். அரசியல் பேச்சு உங்களுக்குப் புரியாவிட்டால் பாதகமில்லை, அதைக் காதில் வாங்காமல் ஆட்களை மட்டும் பாருங்கள்.

அந்த அறையில் ஒரு வயதான அத்தை உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கும் அவளைத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் முதலில் அவளிடம் போய் வணங்கி நலம் விசாரித்தே ஆக வேண்டும். அவள் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறாள்: அவர்கள் உடல்நலம், தன் உடல்நலம், மகாராணியின் உடல்நலம். விட்டால் போதுமென்று எல்லாரும் எழுந்து போகிறார்கள், முகத்தில் மட்டும் அவசரம் காட்டுவதில்லை. அப்போது பியேர் வருகிறான். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவன், இது அவனுடைய முதல் கூட்டம். அத்தை மகாராணியின் உடல்நலத்துக்கு வருவதற்குள் திரும்பி நடந்துவிடுகிறான். முரட்டுத்தனம்தான். ஆனால் அந்த அறையில் நடிக்கத் தெரியாத ஆள் அவன் ஒருவன் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்காரியை டால்ஸ்டாய் நூற்பாலை மேஸ்திரியோடு ஒப்பிடுகிறார். ஆட்களை வேலையில் உட்காரவைத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பவர், எங்கே கதிர் நின்றது, எங்கே கிறீச்சிடுகிறது என்று காதால் கண்டுபிடித்து ஓடிப்போய்ச் சரிசெய்பவர். மில் ஓடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த உவமை உடனே உறைக்கும். இந்த ஐந்தாறு அத்தியாயங்களைத் தாண்டினால் மாஸ்கோவில் ரஸ்தோவ் வீடு வருகிறது. அங்கே பதின்மூன்று வயது நதாஷா ஓடிவந்து விழுகிற காட்சியில் நாவலின் காற்றே மாறிவிடும். அதுவரை தாக்குப்பிடியுங்கள்.

பிரெஞ்சு வரிகளை என்ன செய்வது?

அடிக்குறிப்பில் பொருளைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். மொத்தத்தில் சுமார் இரண்டு சதவீதம்தான். யார் எப்போது பிரெஞ்சுக்குத் தாவுகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள், அங்கே பெரும்பாலும் பேச்சில் உண்மை குறைந்திருக்கும். 1812-இல் நெப்போலியன் நெருங்கும்போது, மாஸ்கோ சீமாட்டி ஒருத்தி வீட்டில் பிரெஞ்சு பேசினால் அபராதம் என்று விளையாட்டாக விதி போடுகிறார்கள். ரஷ்யனில் சரியான சொல் வராமல் அவர்களே தடுமாறுகிறார்கள். தாய்மொழியில் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி விளக்கம் கேட்காது.

தமிழில் படிப்பதில் ஆங்கிலத்தைவிட ஏதாவது லாபம் உண்டா?

உண்டு. ரஷ்யனில் ‘தி’, ‘வி’ என்று இரண்டு சொற்கள்: நம் நீ, நீங்கள். ஒருவரை ஒருவர் நீங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திடீரென நீ என்று சொன்னால், அந்த இடத்தில் காதலோ கோபமோ அவமதிப்போ நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பு போட்டால்தான் தெரியும். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பில் அது நேராகக் காதில் விழும். ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள்கூட, மனதுக்குள் ஒவ்வொரு உரையாடலையும் நீயா நீங்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

ஐந்து தேதிகள் போதும். 1805 கடைசியில் ஆஸ்டர்லிட்ஸ்: நெப்போலியன் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை முறியடிக்கிறார். 1807-இல் தில்சித் உடன்படிக்கை, ரஷ்ய, பிரெஞ்சுப் பேரரசர்கள் இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள். 1812 ஜூனில் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைகிறார். ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி பரதினோவில் பெரும் போர். செப்டம்பரில் மாஸ்கோவுக்குள் பிரெஞ்சுப் படை. இவை நாட்டு வரலாறு. தெரிந்துகொண்டு படிப்பதால் கதை எதுவும் கெடாது.

தேதிகள் இரண்டு விதமாக வந்தால் குழம்ப வேண்டாம். அன்றைக்கு ரஷ்ய நாட்காட்டி ஐரோப்பாவைவிட 12 நாள் பின்னால் இருந்தது. பரதினோ ரஷ்யக் கணக்கில் ஆகஸ்ட் 26, மற்றவர்களுக்கு செப்டம்பர் 7.

போர் அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் போகலாமா?

வேண்டாம். தள்ளினால், அதே ஆட்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஏன் மாறிப்போயிருக்கிறார்கள் என்பது பிடிபடாது. இவற்றில் வாசகர்கள் சிக்குவது வேறு காரணத்தால்: எந்தப் படை எங்கே நிற்கிறது என்று வரைபடம் வைத்துத் தேடுகிறார்கள். அது புரியாதபோது தங்களிடம்தான் குறை என்று நினைத்து மூடிவைக்கிறார்கள்.

புரியாமல் இருக்கும்படிதான் டால்ஸ்டாய் எழுதியிருக்கிறார். அவரே காக்கசஸில் இருந்தவர், கிரீமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையின்போது பீரங்கிப் படை அதிகாரியாக நின்றவர். போர்க்களத்தில் நிற்கிறவனுக்குப் புகையும் பக்கத்து ஆளின் முகமும்தான் தெரியும் என்பது அவர் கண்டது. பரதினோவை எழுத 1867-இல் அந்தக் களத்துக்கே போய் இரண்டு நாள் சுற்றிப் பார்த்தார். இதே மனிதர் 1908-இல், வன்முறையை மறுத்து எழுதிய ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ என்பதில் திருக்குறளின் இன்னாசெய்யாமைக் கருத்துகளை எடுத்தாண்டார்.

முதலில் வரும் பெரிய சண்டை ஷோன்கிராபெர்ன், முதல் பாகத்தின் இரண்டாம் பகுதிக் கடைசியில். அங்கே மூன்று பேரை மட்டும் தொடருங்கள். ஒருவர் தூஷின் என்ற பீரங்கிக் கேப்டன். குள்ளமான ஆள், நாம் முதலில் பார்க்கும்போது பூட்ஸ் இல்லாமல் காலுறையோடு ஒரு கூடாரத்தில் மேலதிகாரி முன்னால் அசடு வழிந்துகொண்டு நிற்கிறார். அடுத்தவர் தளபதி பக்ராத்தியோன். எந்தச் செய்தி வந்தாலும், எல்லாம் தான் நினைத்தபடியே நடக்கிற மாதிரித் தலையசைக்கிறார். உண்மையில் அவர் கட்டளை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பதை, அருகில் நிற்கும் ஆந்திரேய் கவனிக்கிறான். ஆனாலும் அவர் போய் நின்ற இடத்தில் வீரர்களுக்குத் தைரியம் வருகிறது. மூன்றாமவன் நிகலாய் ரஸ்தோவ், சண்டைக்குப் புதிய பையன். இந்த மூவரையும் பிடித்துக்கொண்டால் வரைபடம் தேவைப்படாது.

பரதினோ மூன்றாம் பாகத்தின் இரண்டாம் பகுதி. அங்கே டால்ஸ்டாய் பியேரையே களத்துக்கு அனுப்புகிறார். போர்வீரன் இல்லை, வெள்ளைத் தொப்பி, பச்சைக் கோட்டு. வேடிக்கை பார்க்க வந்தவன் போலப் பீரங்கி மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு என்ன தெரிகிறதோ அதுவே நமக்கும். 19-ஆம் அத்தியாயம் படைநிலை பற்றிய வாதம், அதில் டால்ஸ்டாயே ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார், ஒரு பார்வை போதும். 20 முதல் 39 வரை இரண்டு மூன்று அமர்வில், ஒரு வார இறுதியில் படித்துவிடுங்கள். தினம் மூன்று அத்தியாயமாக உடைத்தால் அந்த ஒரு நாள் போர் உங்களுக்கு ஒரு வாரம் இழுக்கும், வெப்பம் ஆறிவிடும்.

நடுநடுவே கட்டுரை வருகிறதே, அதையும் படிக்க வேண்டுமா?

மூன்றாம் பாகத்திலிருந்து இது அதிகமாகும். மன்னர்களும் தளபதிகளும் வரலாற்றை நடத்தவில்லை, எண்ணற்ற சின்ன மனிதர்களின் செயல்கள் கூடித்தான் அது நகர்கிறது என்பது அவர் வாதம். மேலே சொன்ன பக்ராத்தியோன் காட்சியை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அந்தக் கட்டுரைகள் சுலபமாக இறங்கும், ஏனென்றால் அதே விஷயம்தான். மூன்று, நான்காம் பாகங்களில் உள்ளவை இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போவது அரிது. படித்துவிடுங்கள்.

முடிவுரையின் இரண்டாம் பகுதி வேறு. 12 அத்தியாயமும் முழுக்கக் கட்டுரை, ஒரு பாத்திரமும் வராது. கதை முதல் பகுதியின் 16-ஆம் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது. அங்கே புத்தகத்தை மூடி ஒரு வாரம் விடுங்கள், பிறகு படியுங்கள். ரயில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்ற உவமை அதில் நன்றாக இருக்கும்: ஒருவன் பிசாசு இழுக்கிறது என்கிறான், ஒருவன் சக்கரம் சுழல்வதால் என்கிறான், ஒருவன் புகை காற்றில் பின்னால் போவதால் என்கிறான். இந்தப் பகுதியை ஒத்திவைத்தவர்களை நாவலைப் படிக்காதவர்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். முதல் பகுதியை விட்டவர்களை அப்படித்தான் சொல்வோம்.

எந்த இடத்தில் நின்றுபோக வாய்ப்பு அதிகம்?

விருந்து, பிரௌனவ், ஃபிரீமேசன். இந்த மூன்றில் ஒன்றில். விருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டோம். முதல் பாகத்தின் இரண்டாம் பகுதி தொடங்கும்போது வீடுகள் மறைந்து, ஆஸ்திரியாவில் பிரௌனவ் என்ற ஊரில் படை அணிவகுப்பு நடக்கிறது. பத்துப் பதினைந்து புதுப் பெயர்கள் கொட்டும். குத்தூசவ், தோலகவ், தெனீசவ் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் பியேர் ஃபிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் சேரும் சடங்குகள் நீளும். மெதுவான பகுதிதான், வேகமாகப் படிக்கலாம். அதைத் தாண்டினால் மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் ஓர் ஓக் மரம் காத்திருக்கிறது. வசந்தத்தில் எல்லா மரமும் துளிர்த்திருக்க, அது மட்டும் மொட்டையாக நிற்பதை வண்டியில் போகும் ஆந்திரேய் பார்க்கிறான். சில வாரம் கழித்துத் திரும்பும்போது அதே மரத்தைத் தேடுகிறான். அந்த இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

இரண்டு வாரம் விட்டுப்போச்சு. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் விருந்தை மூன்று முறை படிப்பார்கள், ஆஸ்டர்லிட்ஸை ஒருமுறைகூடப் பார்க்க மாட்டார்கள். பெயர்த் தாளைப் பாருங்கள், நின்ற இடத்துக்கு முந்தைய மூன்று அத்தியாயங்களை மட்டும் மறுபடி படியுங்கள், மேலே போங்கள். மறந்தவர்களை டால்ஸ்டாயே அந்த உதட்டாலும் கண்ணாலும் ஞாபகப்படுத்துவார். ஒரு பகுதியின் நடுவில் நிறுத்தாமல், பகுதி முடிவில் நிறுத்தினால் திரும்பி வருவது சுலபம்.

திரைப்படம், ஒலிநூல், இணையச் சுருக்கம்?

படத்தை ஒவ்வொரு பாகமும் முடித்த பிறகு அந்தப் பாகம் வரை பார்க்கலாம். முன்னால் பார்த்தால் நடிகரின் முகம் மனதில் ஒட்டிக்கொண்டு டால்ஸ்டாய் காட்டும் முகம் உள்ளே வராது. ஒலிநூல் மொத்தம் அறுபது மணி நேரத்தைத் தொடும். போர், வேட்டை, நடனக் காட்சிகளுக்கு மிகவும் நன்று, புதுப் பெயர்கள் கொட்டும் இடங்களுக்கு ஒத்துவராது. பாத்திரத்தின் பெயரை மட்டும் இணையத்தில் தேடாதீர்கள். தேடியதும் வரும் முதல் வரியிலேயே அவருடைய முடிவு இருக்கும்.

இதற்கு முன்னால் சின்னதாக ஏதாவது படித்துப் பழக வேண்டுமா?

கட்டாயமில்லை. ரஷ்யப் பெயர்களும் வீடுகளும் கொஞ்சம் பழக வேண்டுமென்றால் டால்ஸ்டாயின் ‘இவான் இலியீச்சின் மரணம்’ ஒரு மாலையில் முடியும். நா. தர்மராஜன் தமிழில் தந்த ‘அன்னா கரீனினா’ பெரியதுதான், ஆனால் ஆட்கள் குறைவு, போர்க்களம் கிடையாது. பலருக்கு அது எளிதாக வருகிறது. தஸ்தயேவ்ஸ்கியைப் படித்திருந்தால் அந்த வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அவர் ஓர் அறைக்குள் ஆட்களை அடைத்துச் சூடேற்றுவார், டால்ஸ்டாய் கதவைத் திறந்து வைத்துவிடுவார்.

மூலத்தில் தலைப்பு ‘போரும் அமைதியும்’தானே?

ஆம். ரஷ்யனில் ‘மீர்’ என்ற ஒலிக்கு அமைதி, உலகம் என்று இரண்டு பொருள். 1918-க்கு முன் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் வேறு. உலகம் என்ற பொருளில்தான் டால்ஸ்டாய் வைத்தார் என்று அடிக்கடி சொல்லப்படுவது தவறு, அச்சான தலைப்பில் இருப்பது அமைதிதான். ஆனாலும் தமிழில் ‘வாழ்வு’ என்று வைத்தது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஓநாய் வேட்டை, பனிச்சறுக்கு வண்டி, சித்தப்பா வீட்டில் கிதார் கேட்டதும் நதாஷா எழுந்து ஆடுகிற நாட்டுப்புற ஆட்டம் என்று இரண்டாம் பாகத்தின் நான்காம் பகுதியில் வருவதற்கெல்லாம் அமைதி என்ற சொல் போதாது.

முடித்துவிட்டேன். கதை பாதியில் நின்றது போல இருக்கிறதே?

முடிவுரையின் முதல் பகுதி 1820 டிசம்பரில், ஒரு பையனின் முடியாத எண்ணத்தோடு நிற்கிறது. ஐந்து வருடம் கழித்து, 1825 டிசம்பர் 14 அன்று, பீட்டர்ஸ்பர்க்கில் ஜாருக்கு எதிராக இளம் அதிகாரிகளின் கிளர்ச்சி நடந்தது. தோற்றவர்களில் சிலரைத் தூக்கிலிட்டார்கள், பலரைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். டால்ஸ்டாய் முதலில் எழுத உட்கார்ந்தது, அப்படி நாடு கடத்தப்பட்டு முதுமையில் திரும்பும் ஒருவரின் கதையைத்தான். அவருடைய இளமையைத் தேடிப் பின்னால் போனவர் 1812-க்குப் போனார், அங்கிருந்து 1805-க்குப் போனார். கடைசி அத்தியாயங்களில் ஆண்கள் எழுத்து மேசை அறைக்குள் என்ன வாதாடுகிறார்கள் என்பதை இந்தத் தேதியை வைத்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள்.

பிறகு முதல் ஐந்து அத்தியாயங்களுக்குத் திரும்புங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதே அறை, அதே அத்தை. இந்த முறை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன நடக்கப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். லீசா பின்னல் வேலைப் பையோடு உள்ளே வருகிறாள், அந்தக் குட்டை உதடு சிரிக்கிறது.